காபிக்கும் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம்

கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்வார்கள். மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை, நெய், பாதாம், குங்குமப்பூ. எனக்கும் எல்லாம் வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனாலும் மூன்றாம் மாதக் கடைசியில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.3. ஆறாம் மாதம் சர்க்கரை பார்த்தபோது 152. சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லாத வீட்டில் ரத்தம் குறைவு, சர்க்கரை கூடுதல். இரண்டையும் ஒரு வழிக்குக் கொண்டுவந்தபோது எங்கள் சமையலறைக்குப் புதிதாக ஒரு பொருளும் வரவில்லை. எதை எந்த நேரத்தில், எதோடு சேர்த்து, எப்படிப் பிரித்துச் சாப்பிடுவது என்பதைத்தான் மாற்றினோம். இப்போது என் நாத்தனார் முழுகாமல் இருக்கிறாள், தினமும் போன் போட்டு ஏதாவது ஒன்று கேட்கிறாள். அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பல் தேய்த்ததும் ஒரு காபி, டிபன் முடிந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், அங்கேயும் இடைவேளை மணி அடித்தால் ஆசிரியர் அறையில் பிளாஸ்க் திறந்துவிடும். அப்புறம் சோறு. மதியம் சோறு, ராத்திரி பெரும்பாலும் சோறு, காலையில் அதே அரிசி இட்லியாகவோ பொங்கலாகவோ வரும். சோற்றையும் காபியையும் விடச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் மருத்துவரை மாற்றிவிடுவார்கள்.

கிராம சுகாதார செவிலியரை நாங்கள் நர்சக்கா என்றுதான் கூப்பிடுவோம். அட்டையில் 9.3 என்று எழுதிவிட்டு, "மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டார். "ஒரு நாளும் விட்டதில்லக்கா" என்றேன், உண்மையும் அதுதான். அடுத்து அவர் கேட்டது: "எதோட போடுறீங்க?" டிபன் சாப்பிட்டு, மாத்திரையை வாயில் போட்டு, மேலே காபியை ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம், மாமனாருடைய பிரஷர் மாத்திரையும் அப்படித்தான் உள்ளே போகும். நர்சக்கா சிரித்துக்கொண்டே சொன்னார், "அப்ப மாத்திரையில பாதிக்கு மேல காபி எடுத்துக்குது, ஒங்களுக்கு மிச்சம்தான் வருது."

விஷயம் இதுதான். காபி, டீ இரண்டிலும் இருக்கிற துவர்ப்புச் சத்து குடலுக்குள் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொண்ட இரும்பு ரத்தத்துக்குப் போகாமல் அப்படியே வெளியே போய்விடும். பாலில் இருக்கிற கால்சியமும், தனியாகக் கொடுக்கிற கால்சியம் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். எனக்கு மாத்திரை கொடுத்தபோது இரண்டு பட்டையையும் ஒரே கவரில் போட்டுக் கொடுத்தார்கள், பல வீடுகளில் இரண்டையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. சாதாரணமாக தினம் ஒன்று, 180 நாள். எனக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்ததால் மருத்துவர் இரண்டாக்கினார். கால்சியம் 500 மில்லிகிராம் மாத்திரை காலை, மதியம்.

நர்சக்கா உட்கார்ந்து நேரம் போட்டுக் கொடுத்தார், அதை அப்படியே பிரிட்ஜ் மேல் ஒட்டினோம். காலை ஆறு மணிக்கு ஒரு காபி, அரை டம்ளர். எட்டு மணிக்கு டிபன், கூடவே கால்சியம். டிபன் காபி கிடையாது. பத்தே முக்காலுக்குப் பள்ளிக்கூடத்தில் எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு முதல் இரும்பு மாத்திரை. ஒரு மணிக்குச் சாப்பாடு, அதோடு இரண்டாவது கால்சியம். நாலரைக்கு அடுத்த காபி. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டு, பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது இரண்டாவது இரும்பு மாத்திரை, மறுபடியும் எலுமிச்சைத் தண்ணீர், இல்லாவிட்டால் இரண்டு துண்டு கொய்யா. இரும்பை உடம்புக்குள் இழுத்துவிட வைட்டமின் சி வேண்டும், கொய்யாவில் அது ஆரஞ்சைப் போல் நான்கு மடங்கு இருக்கிறது, கொய்யா எங்கள் கொல்லையிலேயே காய்க்கிறது. ஆக நாலு காபி இரண்டானது. காஃபின் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், அந்தக் கணக்குக்கும் அது சரியாகப் போனது. பிளாஸ்க் திறக்கிற நேரத்தில் எலுமிச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பது முதல் வாரம் கொடுமையாக இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இரும்பு மாத்திரையால் வயிற்றுக்கு வருகிற தொல்லைகளை முன்கூட்டியே யாராவது சொல்லிவிட்டால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்குத் தண்ணீரும் கீரையும் நடையும்தான். காலையில் போட்டால் குமட்டுகிறது என்பவர்கள் ராத்திரி படுக்கும்போது போடுவதுதான் சுலபம். குமட்டுகிறது என்று யாருக்கும் சொல்லாமல் ஜன்னலுக்கு வெளியே போடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு, நர்சக்காவுக்கு அதுவும் தெரியும்.

இன்னொன்று, அரிசி. மூன்றாம் மாதத்தில் எனக்கு அரிசி வாசனை பிடித்துப்போனது. சமைக்கிறதுக்கு எடுக்கும்போது ஒரு பிடி வாயில் போவது, அப்புறம் பள்ளிக்கூடத்துக்கே சின்ன டப்பாவில் பச்சரிசி கொண்டுபோகிற அளவுக்கு வந்துவிட்டது. "மசக்கை அப்படித்தான், நான் விபூதி தின்னேன், எங்க அக்கா அடுப்புச் சாம்பல் தின்னா" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொன்னார். எல்லாரும் சிரித்தோம். ஆனால் சாம்பல், மண், பச்சரிசி, ஐஸ் என்று சாப்பாடு அல்லாத எதையோ வாய் கேட்டுக்கொண்டே இருந்தால், இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு அடையாளம். ரத்தம் ஏற ஏற எனக்கு அந்த ஆசை தானாக விட்டுப்போனது, ஒருநாள் கைப்பையைச் சுத்தம் செய்யும்போதுதான் டப்பா தொடப்படாமல் கிடந்ததைப் பார்த்தேன். வீட்டில் யாராவது பச்சரிசி மென்றால் கிண்டல் செய்யுங்கள், ஆனால் ரத்தமும் பார்த்துவிடுங்கள்.

கீரையைப் பற்றி ஒரு வார்த்தை. முருங்கைக்கீரையில் இரும்பு இருக்கிறது, ஆனால் செடிகொடியில் இருக்கிற இரும்பை உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும், மீனிலும் கறியிலும் இருப்பதைத்தான் சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காய்த் தொக்கோ சேர்ந்தால் நிலைமை மேம்படும், பயறை முளைக்கட்டினாலும் மாவைப் புளிக்க வைத்தாலும் அப்படித்தான். கீரை சாப்பிட்டு உடனே மோர் குடிப்பதும் காபி குடிப்பதும் வேண்டாம். ஆனால் 9-இல் இருக்கிற ரத்தத்தைக் கீரையால் மட்டும் 11-க்கு ஏற்றிவிடலாம் என்று நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. என்னோடு வேலை பார்க்கும் ஒருவருக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவேயில்லை, அவருக்குச் சலைனில் கலந்து இரும்புச்சத்து ஏற்றினார்கள். அதற்கும் ஒன்றும் பயப்பட வேண்டியதில்லை.

எனக்கு அடுத்த பரிசோதனையில் 10.2, எட்டாம் மாதம் 11.4. நான் ஏதோ விசேஷமான ஆள் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு ரத்தசோகை இருந்தது. அவ்வளவு பேருக்கும் வீட்டில் சாப்பாடு இல்லாமல் இல்லை.

சரி, இதற்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இரண்டு சம்பந்தம் சொல்வேன். ரத்தம் மிகவும் குறைந்தால் குறைமாதப் பிரசவத்துக்கும், குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழே பிறப்பதற்கும் வாய்ப்பு கூடும் என்பது ஒன்று, இதை எல்லாரும் சொல்வார்கள். மற்றதை அவ்வளவாகச் சொல்வதில்லை. குழந்தை பிறந்த பிறகு முதல் ஆறு மாதத்துக்கு வேண்டிய இரும்பை, கடைசி மூன்று மாதத்தில் அம்மாவிடமிருந்து வாங்கி ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அந்தக் கையிருப்பில்தான் குழந்தையின் ரத்தமும் மூளையும் ஆறு மாதம் ஓட வேண்டும். ஏழாம் மாதத்தில் "இனிமே என்ன, ரெண்டு மாசம்தானே" என்று மாத்திரையை விடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன், சேமிப்பு நடப்பதே அந்த இரண்டு மாதத்தில்தான்.

இப்போது சர்க்கரை.

ஆறாம் மாதம் சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும், அதற்கப்புறம் சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால சர்க்கரை. வெறும் வயிற்றில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாலும் பார்க்கலாம். பஸ் ஏறி வருகிற பெண்ணைப் பட்டினியோடு உட்கார வைக்காத இந்த முறைக்குப் பின்னால் சென்னை மருத்துவர் வி. சேஷய்யாவின் உழைப்பு இருக்கிறது, அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக நம் நாட்டில் வைத்திருக்கிறார்கள். குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். எனக்கு முதல் முறை, மூன்றாம் மாதத்தில் பார்த்தபோது ஒன்றுமில்லை. இரண்டாவது முறைதான் 152. முதல் தடவை சரியாக இருந்தது என்று இரண்டாவதை விட்டுவிடாதீர்கள், 24-இலிருந்து 28 வாரத்துக்குள்தான் பலருக்கு இது தலைகாட்டும்.

வீட்டில் அத்தை அழுதேவிட்டார். "எங்க பரம்பரையில யாருக்கும் சக்கர இல்லியே" என்று. எங்கள் அம்மா பக்கம் எல்லாருக்கும் இருக்கிறது என்பதை நான் சொல்ல வேண்டியிருந்தது, கொஞ்ச நேரம் வீடு அமைதியாக இருந்தது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். அம்மாவின் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், ஆனால் அம்மாவின் இன்சுலின் போகாது. வந்து குவிகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கும், அந்த இன்சுலின் சர்க்கரையைக் கொழுப்பாக்கித் தோளிலும் வயிற்றிலும் சேர்க்கும். குழந்தை பெரிதாகிப் பிரசவம் சிக்கலாகலாம். பிறந்து தொப்புள்கொடியை வெட்டியதும் அம்மாவிடமிருந்து வருகிற சர்க்கரை சட்டென்று நின்றுவிடும், ஆனால் இன்சுலின் பழைய வேகத்திலேயே சுரந்துகொண்டிருக்கும், அதனால் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடும். பெரிய குழந்தை என்றால் பலமான குழந்தை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், இந்த விஷயத்தில் அப்படி இல்லை. முதல் இரண்டு வாரம் சாப்பாட்டாலும் நடையாலும் பார்க்கலாம், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் வராவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ போடலாம் என்றார்.

அவர் சொன்னதில் என்னை ஆச்சரியப்படுத்தியது இட்லிக் கணக்கு. கர்ப்பகாலத்தில் காலை வேளையில்தான் சர்க்கரை அதிகம் ஏறும். நான் நாலு இட்லி சாப்பிடுகிறவள். "நாலையும் சாப்பிடுங்க, எட்டு மணிக்கு ரெண்டு, பத்து மணிக்கு ரெண்டு" என்றார். அவ்வளவுதான். சக்கரை பார்க்கிற கருவி ஒன்று என் சித்தப்பா வீட்டிலிருந்து வாங்கி வந்தோம். நாலு இட்லியும் சேர்ந்து உள்ளே போன காலையில் இரண்டு மணி நேரம் கழித்து 146 காட்டியது, பிரித்துச் சாப்பிட்ட காலைகளில் 110-லிருந்து 118-க்குள் நின்றது. அதே மாவு, அதே சட்டினி. எனக்கு அன்றைக்குத்தான் இதில் நம்பிக்கை வந்தது. இரண்டாவது தவணை இட்லி பள்ளிக்கூட நேரத்தில் வருவதால் டிபன் பாக்ஸில் கொண்டுபோவேன், இரும்பு மாத்திரையை பன்னிரண்டே காலுக்குத் தள்ளினேன், மதியச் சாப்பாட்டையும் கால்சியத்தையும் இரண்டேகாலுக்குத் தள்ளினேன். தலைமையாசிரியை பாடவேளையை மாற்றிக் கொடுத்தார், நல்ல மனுஷி.

சோற்றை நான் விடவில்லை, தட்டில் வரிசையை மாற்றினேன். முதலில் பொரியல், கூட்டு, முட்டையோ மீனோ, வயிறு கொஞ்சம் நிரம்பிய பிறகு சோறு. எங்கள் வீட்டில் தட்டு நிறையச் சோற்றைப் போட்டு ஓரத்தில் பொரியல் வைப்பார்கள், எனக்கு மட்டும் தலைகீழ். முன்பு மூன்று கரண்டி போன இடத்தில் ஒன்றரைதான் போகும். நாலரை மணிக்குச் சுண்டல், ஒரு கைப்பிடி. ராத்திரி படுக்கும் முன் பசித்தால் வேர்க்கடலை, பசிக்காவிட்டாலும் கொஞ்சம், ஏனென்றால் ராத்திரி ரொம்ப நேரம் வெறும் வயிற்றோடு கிடப்பதும் நல்லதில்லை.

சர்க்கரை எங்கிருந்து வருகிறது என்று தேடினால் நாம் கும்பிட்டுக் குடிக்கிறதிலிருந்தெல்லாம் வருகிறது. மாதுளை ஜூஸ், சத்துமாவுக் கஞ்சி, பேரீச்சை ஊற வைத்த பால், பனங்கருப்பட்டிக் காபி. வெல்லமும் கருப்பட்டியும் "நாட்டுச் சர்க்கரை, ஒண்ணும் பண்ணாது" என்பார்கள். கருவிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை, வெள்ளைச் சர்க்கரைக்கு எவ்வளவு ஏறுமோ கிட்டத்தட்ட அவ்வளவு ஏற்றியது. பழமாகச் சாப்பிடுவது வேறு, ஜூஸாகக் குடிப்பது வேறு. ஒரு தனியார் மருத்துவமனையில் புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்று எழுதிக் கொடுத்தார்கள், விலை அறுநூற்றுச் சொச்சம், பின்பக்கம் படித்தால் முதல் வரியிலேயே சர்க்கரை இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தக் காசுக்கு முட்டை வாங்கினோம்.

நடை. மூன்று வேளையும் சாப்பிட்டு முடித்ததும் பதினைந்து நிமிடம். காலையில் ஒரேயடியாக ஒரு மணி நேரம் நடப்பதைவிட இது சர்க்கரையை நன்றாகப் பிடித்து வைத்தது, தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால். சாயங்காலம் கோவில் பிரகாரத்தைச் சுற்றி வருவேன். ஏழாம் மாதம் பிறந்ததும் கோவிலுக்குப் போகக்கூடாது என்று அத்தை தடை போட்டார், அதன்பிறகு வீட்டு மொட்டை மாடிதான் பிரகாரம். சாப்பிட்டதும் படுக்க வேண்டும், அசையக்கூடாது என்பதுதான் எங்கள் ஊர் அன்பு. "புள்ளத்தாச்சிய நடக்க வுடுறாளுவோ பாரு" என்று தெருவில் சொன்னது அத்தையின் காதில் விழுந்து அதுவேறு ஒரு பஞ்சாயத்து. மருத்துவர் நடக்கக்கூடாது என்று சொன்னவர்களுக்கு (நஞ்சுக்கொடி இறங்கி இருப்பது, ரத்தக்கசிவு, அப்படி ஏதாவது) இதெல்லாம் பொருந்தாது, கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதம் வந்தது. சர்க்கரைப் பொங்கல் முதற்கொண்டு எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டேன், பிறகு வளையல் குலுங்கக் குலுங்க மாடியில் நடந்தேன். ஒரு நாள் 134 வந்தால் ஒன்றும் ஆகிவிடாது, தினமும் வருவதுதான் பிரச்சினை. எனக்குக் கடைசிவரை இன்சுலின் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் போட்டிருப்பேன், என் சித்தி மகளுக்குத் தேவைப்பட்டது, அவளும் நான் செய்ததையெல்லாம் செய்தவள்தான்.

"ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நாலாம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்குக் கூடுதலாக வேண்டியது சுமார் 350 கலோரிதான். ஒரு டம்ளர் பால், இரண்டு இட்லி, ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலை, முடிந்தது. சரியான எடையில் இருக்கிற பெண்ணுக்கு மொத்தமாக 10 முதல் 12 கிலோ கூடினால் போதும் என்று இங்கே மருத்துவர்கள் சொல்வார்கள், எனக்குப் பத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

அளவைவிட வகைதான் முக்கியம் என்பதற்குப் புனேயிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய குழுவும் 1993-இல் புனே பக்கத்தில் ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர ஆரம்பித்தார்கள். கீரை, பழம், பால் இவற்றை அடிக்கடி சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகள் பிறக்கும்போது நல்ல வளர்த்தியோடு இருந்தன, வெறும் கலோரிக் கணக்குக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. அந்த ஊர்களில் சராசரிப் பிறப்பு எடை சுமார் 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் கையும் காலும் மெலிவு, தசை குறைவு, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. பின்னாளில் நம் ஆட்களுக்கு இளம் வயதிலேயே சர்க்கரை வருவதற்கு ஒரு வேர் அங்கே இருக்கிறது என்பது அவர்களுடைய கருத்து. இதைப் படித்த பிறகு எனக்குக் "கொழுகொழு" என்ற வார்த்தையின் மேலிருந்த மரியாதை குறைந்துபோனது.

குங்குமப்பூ போட்ட பாலால் நிறம் வராது, பால் நல்லது, குடியுங்கள். பழுத்த பப்பாளி பிரச்சினை இல்லை, காயில் இருக்கிற பால்தான் ஆகாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, குழந்தையின் அசைவைக் கவனிப்பது, வழக்கத்தைவிட அசைவு குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புவது, இவையெல்லாம் உங்களுக்கே தெரியும்.

பெண் குழந்தை, 2.9 கிலோ. பிறந்ததும் கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து இறங்குகிற ரத்தமும் குழந்தையின் இரும்புக் கையிருப்பில் சேரும். ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வைத்தார்கள். எனக்குச் சர்க்கரை இருந்ததால் குழந்தையின் குதிகாலில் குத்திப் பார்த்தார்கள், 58, பரவாயில்லை என்றார்கள். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க வேண்டும் என்று பெரியம்மா சங்கோடு வந்திருந்தார், நர்ஸ் வாசலிலேயே மறித்துவிட்டார். முதலில் வருகிற மஞ்சள் சீம்பாலே குழந்தையின் சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும்.

மூன்றாம் நாள் எடை 2.7. "புள்ள இளைச்சிடுச்சே, பால் பத்தல" என்று ஒரே பேச்சு. எல்லாக் குழந்தையும் முதல் சில நாளில் கொஞ்சம் எடை இறங்கும், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். எங்கள் பெண்ணும் திரும்பினாள். ஐந்து மாதம் முடிகிறபோது எடை இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்குக்குப் பக்கம். அதே தெருவில் 3.8 கிலோவில் பிறந்த பையனைக் காட்டி ஒரு வருடம் முழுக்க ஒப்பிட்டார்கள். அங்கன்வாடி அட்டையில் இருக்கிற கோட்டைப் பாருங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்காதீர்கள் என்று அங்கன்வாடி டீச்சர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை தன் கோட்டிலேயே போகிறதா என்பதுதான் கேள்வி.

பத்தியம் என்று என்னை ஒரு மாதம் பூண்டுக்குழம்பும் சோறுமாக வைக்கப் பார்த்தார்கள், தண்ணீரும் அளந்துதான். பால் கொடுக்கிறவளுக்குக் கர்ப்பத்தில் இருந்ததைவிடக் கூடுதல் சாப்பாடு வேண்டும், முதல் ஆறு மாதம் சுமார் 600 கலோரி. பூண்டுக்குழம்பை ஏற்றுக்கொண்டு கீரையையும் முட்டையையும் உள்ளே நுழைத்தேன். சுறாப்புட்டு மட்டும் வேண்டாம் என்றேன், பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து வருகிற மத்தி மலிவு, அதில் நல்ல கொழுப்பு உண்டு, பாதரசமும் குறைவு. இரும்பு மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் போட வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள், வீட்டில் எல்லாருடைய கண்ணும் குழந்தை மேல் போய்விடும்.

ஆறு மாதம் முடிந்ததும் கையிருப்பு தீரத் தொடங்கும், அதனால் முதல் சாப்பாடு வெறும் அரிசிக்கஞ்சியாக மட்டும் இருந்துவிடக்கூடாது. கேழ்வரகுக் கூழ் கால்சியத்துக்கு நல்லது, இரும்புக்கு அது போதாது. பருப்பு, மசித்த கீரையில் இரண்டு சொட்டு எலுமிச்சை, முட்டை, முள் எடுத்த மீன் என்று நாங்கள் போனோம். வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச் சொட்டு மருந்து சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள், துணியில் பட்டால் கறை போகாது, பழைய சட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள்.

பிரசவமானதும் சர்க்கரை போய்விடும் என்பார்கள், பெரும்பாலும் போய்விடும். ஆறு வாரம் கழித்து மறுபடியும் அதே 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை உண்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருப்பதால் பலர் போவதில்லை. எனக்கு 118 வந்தது. ஆனாலும் ஒருமுறை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் வருடம் ஒருமுறை பார்க்கிறேன், சாப்பிட்டபின் நடப்பதை விடவில்லை. அடுத்த குழந்தையைப் பற்றி நினைக்கிறவர்கள் முதலில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் தினமும் ஒன்று என்று ஒரு மாதமாவது முன்னாலேயே ஆரம்பிக்க வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று நாம் சந்தேகப்படுகிற சமயத்திலேயே மூடத் தொடங்கிவிடும். எங்களுக்கு அந்த எண்ணம் அடுத்த வருடம்தான், மாத்திரையைத் தீபாவளிக்குப் பிறகு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.